எண்ணிப் பிடிக்கிற பத்தி: ஓர் அட்டவணைப் பாடத்தின் மீது விமர்சனம்



படிவம் 5-ல் வலைத்தள நிரலாக்கம் வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி இரண்டும் அதில் உண்டு. பாடம் கொஞ்சம் ஓடியதும் ஒரு கேள்வி கண்டிப்பாக வந்துவிடும்: "டீச்சர், பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கு. அதில் இந்த ஒரு பத்தியை மட்டும் எப்படி எடுக்கிறது?" இதற்கு நாம் பெரும்பாலும் தருகிற விடை, "எத்தனையாவது பத்தி என்று எண்ணு, அந்த எண்ணைப் போடு" என்பதுதான். இந்த விடை பாதி சரி. மீதிப் பாதி ஏன் தவறு, அந்தத் தவறு ஏன் நம் கண்ணில் படுவதில்லை என்பதைப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்கள். 'நிரல்' என்றால் புரோகிராமா, அட்டவணையின் செங்குத்துப் பகுதியா என்ற குழப்பம் நம் வகுப்பில் எப்போதும் உண்டு. அதனால் இங்கே கிடையாகப் போவதை வரிசை என்றும், மேலிருந்து கீழே வருவதைப் பத்தி என்றும் சொல்கிறேன். மலாயில் இவை பாரிஸ், லாஜுர். இரண்டும் சந்திக்கும் இடம் கட்டம். எச்டிஎம்எல் குறிகளை எல்லாம் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் அட்டவணை

வெறும் பழம், விலை என்று போட்டுக் காட்டுகிற அட்டவணையில் இந்தச் சிக்கல் வெளியே வராது. உண்மையான ஒன்றை எடுப்போம். சிலாங்கூரில் 22 நாடாளுமன்றத் தொகுதிகள், 56 சட்டமன்றத் தொகுதிகள். இவற்றை வலைப்பக்கத்தில் போடுகிறவர்கள் வழக்கமாக நான்கு பத்தி வைப்பார்கள்: நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்ற எண், சட்டமன்றத் தொகுதியின் பெயர், வாக்காளர் எண்ணிக்கை. ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்குள் இரண்டு அல்லது மூன்று சட்டமன்றத் தொகுதிகள் வரும் என்பதால், நாடாளுமன்றப் பெயரை ஒரே தடவை எழுதி, அந்தக் கட்டத்தைக் கீழே நீட்டிவிடுவார்கள். அப்படி நீட்டுவதற்கான பண்பின் பெயர் 'ரோஸ்பேன்'.

பி.095 தஞ்சோங் காராங்கைப் பாருங்க. அதற்குள் இரண்டு: என்.08 சுங்கை புரோங், என்.09 பெர்மாத்தாங். தஞ்சோங் காராங் என்ற கட்டத்துக்கு ரோஸ்பேன் 2. திரையில் பார்த்தால் இரண்டு வரிசையிலும் நான்கு நான்கு கட்டம் இருப்பது போலத் தெரியும். உள்ளே எழுதப்பட்டதைப் பார்த்தால் கதை வேறு. சுங்கை புரோங் வரிசையில் நான்கு கட்டம். பெர்மாத்தாங் வரிசையில் மூன்றே கட்டம். ஏனென்றால் முதல் கட்டம் மேல் வரிசைக்குச் சொந்தமானது, கீழே நிழல் மட்டும்தான் விழுகிறது.

இங்கேதான் அடிப்படை விஷயம் இருக்கிறது. எச்டிஎம்எல் அட்டவணையில் வரிசை என்பது நிஜமான உறுப்பு. அதற்கு 'டிஆர்' என்ற குறி உண்டு, கட்டங்கள் அதற்குள் குழந்தைகளாக இருக்கின்றன. பத்திக்கு அப்படி ஒரு வீடு கிடையாது. 'கோல்' என்று ஒரு குறி இருக்கு, ஆனால் எந்தக் கட்டமும் அதற்குள் இருக்காது. அகலம், பின்னணி நிறம் போன்ற சிலவற்றை மட்டும் அது சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அட்டவணையிடம் 'ரோஸ்' என்று கேட்டால் எல்லா வரிசையும் வரும், வரிசையிடம் 'செல்ஸ்' என்று கேட்டால் கட்டங்கள் வரும். 'காலம்ஸ்' என்று கேட்டால் ஒன்றும் வராது. பத்தி என்பது நம் கண் சேர்த்துக்கொள்கிற ஒன்று. அதை ஸ்கிரிப்ட் எடுத்துத் தர வேண்டுமென்றால், யாராவது அதைக் கட்டித் தர வேண்டும்.

இந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் "மூன்றாவது பத்தி என்றால் 3 போடு" என்று தாண்டிப் போவதுதான் நம் பாடத்தின் குறை. கேள்வி ஒன்று: 56 தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கையைக் கூட்டு. இதற்கு மூன்று விடைகளை எடுத்து மதிப்பிட்டுப் பார்ப்போம்.

முதல் விடை: செலக்டரில் எண் போடுவது

'டிடி:என்த்-சைல்ட்(4)' என்று எழுதி, குவெரி செலக்டர் ஆல் மூலம் எல்லாவற்றையும் வாங்கிக் கூட்டுவது. எழுதச் சுலபம், பார்க்க அழகு, ஒரே வரி.

இதில் எத்தனை கட்டம் வரும் என்று கணக்குப் பண்ணுங்க. நாலாவது குழந்தை இருக்கும் வரிசைகள் மட்டும்தான் விடை தரும். நீட்டப்பட்ட கட்டம் தொடங்குகிற வரிசைகள் 22. மீதி 34 வரிசைகளில் மூன்று கட்டம்தான், நாலாவது கிடையாது. ஆக 56-க்குப் பதில் 22 எண்கள் வரும், கூட்டல் நடக்கும், ஒரு மொத்தம் திரையில் வந்து நிற்கும். சிவப்புக் கோடு, பிழைச் செய்தி எதுவும் இல்லை.

இதைவிட ஆபத்தானது மூன்றாவது பத்தி. பெயர்களை எடுக்க '3' என்று போட்டால் சரியாக 56 கட்டம் வரும். மாணவன் எண்ணிப் பார்த்தாலும் "சரிதானே டீச்சர்" என்பான். ஆனால் அதில் 22 மட்டுமே பெயர். மற்ற 34-உம் வாக்காளர் எண்ணிக்கை. எண்ணிக்கை ஒத்துப்போகிறது, உள்ளே இருப்பது ஒத்துப்போகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்க. நம் பக்கத்து மாணவன் தன் விடையை எப்படிச் சோதிப்பான்? தன் ஊரைத் தேடுவான். சுங்கை புரோங் முதல் வரிசை என்பதால் சரியாகவே வரும். கோல சிலாங்கூரில் இருக்கிறவன் புக்கிட் மெலாவத்தியைப் பார்ப்பான், அதுவும் சரி. பெர்மாத்தாங், செகிஞ்சான், ஈஜோக், ஜெராம் எல்லாம் தவறியிருக்கும். வடமேற்கு சிலாங்கூரின் நான்கு நாடாளுமன்றத் தொகுதிகளான சபாக் பெர்ணம், சுங்கை பெசார், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் ஆகியவற்றில் மொத்தம் 9 சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் நான்கு சரி, ஐந்து தவறு. சோதித்த வரிசை சரியாக இருந்ததாலேயே தவறு தப்பித்துக்கொள்கிறது.

மதிப்பீடு: எல்லா வரிசையிலும் கட்டங்கள் சமமாக இருக்கும் அட்டவணைக்கு இது போதும். அந்த நிபந்தனையைச் சொல்லாமல் கற்றுக்கொடுத்தால் தவறான பாடம்.

கூடவே ஒரு சின்னக் கண்ணி. என்த்-சைல்ட் எண்ணும்போது 'டிஎச்', 'டிடி' இரண்டையும் சேர்த்தே எண்ணும். வரிசையின் முதல் கட்டம் தலைப்புக் கட்டமாக, அதாவது டிஎச் ஆக இருந்தால், 'டிடி:என்த்-சைல்ட்(1)' அந்த வரிசையில் எதையும் பிடிக்காது. "முதல் டிடி" என்று மாணவர்கள் படித்துக்கொள்கிறார்கள். உண்மைப் பொருள் "முதல் குழந்தையாகவும் டிடி ஆகவும் இருப்பது". இந்த வேறுபாட்டைப் பலகையில் ஒரு தடவை எழுதிக் காட்டினால் போதும்.

இரண்டாம் விடை: வரிசை வரிசையாகச் சுற்றுவது

'ரோஸ்' பட்டியலை லூப்பில் சுற்றி, ஒவ்வொரு வரிசையிலும் 'செல்ஸ்[3]' எடுப்பது. இங்கே எண் 0-வில் தொடங்கும், செலக்டரில் 1-இல் தொடங்கும். நாலாவது பத்திக்கு இங்கே 3, அங்கே 4. மாணவர்கள் அடிக்கடி சறுக்குகிற இடம். 'ரோஸ்' பட்டியலில் தலைப்பு வரிசையும் சேர்ந்து வரும் என்பதால் மொத்தம் 57 வரிசை, அதில் முதலாவது தரவு இல்லை.

இந்த விடைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது சத்தம் போட்டு விழும். என்.01 சுங்கை ஆயிர் தாவார் நன்றாகப் போகும். அடுத்த வரிசை என்.02 சபாக், அங்கே செல்ஸ்[3] இல்லை, இல்லாத ஒன்றிடம் எழுத்தைக் கேட்டதும் ஸ்கிரிப்ட் பிழை சொல்லி நின்றுவிடும். இதுதான் பாடம் தொடங்க வேண்டிய நேரம். "ஏன் நின்றது? அந்த வரிசையில் எத்தனை கட்டம்?" என்று கேட்டால், ரோஸ்பேனை மாணவனே கண்டுபிடிப்பான்.

நடப்பதோ வேறு. பிழையைப் போக்க ஓர் 'இஃப்' சேர்க்கிறார்கள்: கட்டம் இருந்தால் மட்டும் கூட்டு, இல்லாவிட்டால் தாண்டிப் போ. பிழை போய்விட்டது, பசங்களும் சந்தோஷம், நாமும் சரி போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த இஃப் 34 தொகுதிகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. சரியாக எச்சரித்த ஒன்றை வாயடைத்து, முதல் விடையின் நிலைக்கே கொண்டுவந்துவிட்டோம். விடைத்தாள் திருத்தும்போது இப்படி ஓர் இஃப் கண்ணில் பட்டால், "எதற்காக?" என்று ஓரத்தில் எழுதிக் கேளுங்கள்.

கெட்டிக்கார மாணவன் ஒருவன் வேறு வழியில் போவான்: வலப்பக்கத்திலிருந்து எண்ணுவது. கடைசிக் கட்டம் எப்போதும் வாக்காளர் எண்ணிக்கைதான், அதனால் செல்ஸின் நீளத்தில் ஒன்றைக் கழித்து எடுக்கிறேன் என்பான். செலக்டரில் இதற்கு 'என்த்-லாஸ்ட்-சைல்ட்(1)'. இந்த அட்டவணையில் 56-உம் சரியாக வரும். பாராட்ட வேண்டிய விடைதான். அட்டவணையின் அமைப்பைப் பார்த்திருக்கிறான். நாளைக்கு வலப்பக்கம் 'குறிப்பு' என்று ஒரு பத்தி சேர்ந்தால் இதுவும் போச்சு. முழு மதிப்பெண் கொடுங்கள், ஆனால் எப்போது உடையும் என்று ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாம் விடை: தலைப்பைக் கேட்டு, வலை கட்டுவது

இந்த விடை எண்ணில் தொடங்குவதில்லை. தலைப்பு வரிசையில் 'வாக்காளர் எண்ணிக்கை' என்ற கட்டம் எங்கே இருக்கிறது என்று தேடி, அதன் இடத்தை வாங்கிக்கொள்கிறது. பிறகு அட்டவணையை நேரான வலையாக மாற்றுகிறது. படிகள் இவை:

1. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு காலிப் பட்டியல் வைத்துக்கொள்.
2. மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசைக்கும் போ. பத்தி எண்ணை 0 ஆக்கு.
3. வரிசையின் அடுத்த கட்டத்தை எடு. இந்த இடம் மேலிருந்து நீண்டு வந்த கட்டத்தால் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், காலி இடம் கிடைக்கும்வரை பத்தி எண்ணைக் கூட்டிக்கொண்டே போ.
4. கட்டத்தை அங்கே வை. ரோஸ்பேன் எத்தனையோ அத்தனை வரிசைக்குக் கீழேயும், கோல்ஸ்பேன் எத்தனையோ அத்தனை பத்திக்கு வலப்பக்கமும் அதே கட்டத்தை நிரப்பு.
5. வரிசையில் கட்டம் தீரும்வரை 3-க்குத் திரும்பு.

தஞ்சோங் காராங்கில் ஓட்டிப் பாருங்க. சுங்கை புரோங் வரிசை வரும்போது தஞ்சோங் காராங் இடம் 0-வில் உட்காரும், அடுத்த வரிசையின் இடம் 0-விலும் நிரம்பும். பெர்மாத்தாங் வரிசைக்கு வந்தால் இடம் 0 நிரம்பியிருக்கு, என்.09 இடம் 1-க்குப் போகும், பெர்மாத்தாங் 2-க்கு, எண்ணிக்கை 3-க்கு. இப்போது எந்த வரிசையிலும் '3' என்றால் வாக்காளர் எண்ணிக்கைதான். பத்தி உண்டாகிவிட்டது.

உலாவி அட்டவணையை வரைவதற்கு உள்ளே செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அந்த முடிவை அது ஸ்கிரிப்ட்டிடம் தருவதில்லை. கட்டத்திடம் 'செல்இன்டெக்ஸ்' கேட்டால் வருவது அந்த வரிசைக்குள் எத்தனையாவது கட்டம் என்பது மட்டும். திரையில் எந்தப் பத்தி என்பது அல்ல. பெர்மாத்தாங் என்ற கட்டத்தின் செல்இன்டெக்ஸ் 1, சுங்கை புரோங்கின் செல்இன்டெக்ஸ் 2. ஒரே பத்தி, இரண்டு எண்.

வரிசையைத் தேடுவதிலும் இதே கவனம் வேண்டும்

பத்திக்குத் தலைப்பு போல வரிசைக்கு ஓர் அடையாளம் வேண்டும். "எட்டாவது வரிசை" என்று பிடித்தால், யாராவது அட்டவணையை அகர வரிசைப்படி மாற்றியதும் வேறு ஊர் வந்து நிற்கும். பெயரை வைத்துத் தேடலாம் என்றால், சுங்கை என்பதை முழுசாக எழுதுகிறவர்களும் உண்டு, இரண்டு எழுத்தில் சுருக்குகிறவர்களும் உண்டு. தஞ்சோங்கா, தஞ்சுங்கா என்பதும் பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 2013 பொதுத்தேர்தலில் சுபாங் என்றால் பி.107. 2018 எல்லைச் சீரமைப்புக்குப் பிறகு பி.107-க்கு சுங்கை பூலோ என்று பெயர். அதுவரை கெலானா ஜெயாவாக இருந்த பி.104 சுபாங் ஆனது. இரண்டு ஆண்டு அட்டவணைகளைப் பெயரால் ஒட்டினால் இரண்டு வெவ்வேறு தொகுதிகள் ஒன்றாகிவிடும். எண்ணையும் ஆண்டையும் சேர்த்து அடையாளமாக வையுங்கள். பெயரைக் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டத்துக்குள் இருக்கும் எழுத்தையும் நம்பிவிடாதீர்கள். '12,345' என்ற எழுத்தை 'பார்ஸ்இன்ட்' வழியாக எண்ணாக்கினால் 12 கிடைக்கும். காற்புள்ளியைப் பார்த்ததும் அது நின்றுவிடும். காற்புள்ளியை நீக்கிவிட்டு மாற்றுங்கள், முன்பின் இடைவெளியையும் 'டிரிம்' செய்யுங்கள்.

"எஸ்.பி.எம்.-க்கு இவ்வளவு எதற்கு?"

நியாயமான கேள்வி. வலை கட்டும் படிகளை எல்லா மாணவரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நேரம் போதாது என்பதும் உண்மை. ஆனால் தேர்வுக்கு வெளியே இந்தப் பிள்ளைகள் இதை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

பள்ளிப் பட்டியல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பெயர் இடப்பக்கம் நீட்டப்பட்டு, அதற்குள் தமிழ்ப்பள்ளிகள் வரிசையாக, கடைசியில் மாணவர் எண்ணிக்கை. அதே அமைப்பு. அதே ஒரு வரி ஸ்கிரிப்டைப் போட்டால் ஒவ்வொரு மாவட்டத்திலும் முதல் பள்ளி மட்டும் கணக்கில் வரும். மற்ற பள்ளிகள் காணாமல் போகும். 150-க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளி நம் நாட்டில் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்தப்படுகிறது. தோட்டப்புறப் பள்ளிகளைப் பற்றிய பேச்செல்லாம் இந்த எண்களை வைத்துத்தான் நடக்கிறது. அப்படிப்பட்ட எண்ணைத் தொகுத்துத் தரும் வேலை பெற்றோர் சங்கத்திலோ பழைய மாணவர் சங்கத்திலோ "கணினி தெரிந்த பையன்" ஒருவனிடம் வந்து சேரும். அந்தப் பையன் நம் வகுப்பில் இருந்தவன்.

வகுப்பில் செய்யக்கூடியது

பலகையில் மேலே சொன்ன 9 தொகுதிகளையும் நீட்டிய கட்டங்களோடு வரையுங்கள். ஒரு மாணவரை உலாவியாக நிறுத்தி, ஒவ்வொரு வரிசையிலும் "மூன்றாவது குழந்தை எது?" என்று கேளுங்கள். திரையில் தெரிவதை மறந்து, வரிசைக்குச் சொந்தமான கட்டங்களை மட்டும் எண்ண வேண்டும் என்பது விதி. நாலைந்து வரிசைக்குள் வகுப்புக்கே புரிந்துவிடும். கணினி கூட வேண்டாம்.

அட்டவணை செய்யும் பாடத்தில் இதன் மறுபக்கத்தைச் சொல்லுங்கள். நீட்டிய கட்டம் கண்ணுக்கு அழகு, அச்சில் படிக்கவும் சுலபம். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் தரவாகப் பயன்படப்போகும் அட்டவணையில் நாடாளுமன்றப் பெயரை ஒவ்வொரு வரிசையிலும் திரும்ப எழுதுவது நல்லது. தலைப்புகளை டிஎச் குறியில் போட்டு, 'ஸ்கோப்' பண்பால் அது வரிசைக்கா பத்திக்கா என்று சொல்லிவிட்டால், பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் "வாக்காளர் எண்ணிக்கை" என்று சொல்லிவிட்டு எண்ணைப் படிக்க வழி கிடைக்கும். ஸ்கிரிப்ட்டுக்கு உதவுவதும் அவருக்கு உதவுவதும் பெரும்பாலும் ஒரே வேலைதான்.

மாணவர்களுக்கு நான்கு சோதனை. தேர்வுக்கும் உதவும், வேலைக்கும் உதவும்:

- எத்தனை வரிசை எதிர்பார்த்தேன், எத்தனை வந்தது? இங்கே 56 வர வேண்டும்.
- வந்தவை எல்லாம் ஒரே வகையா? பெயர்ப் பத்தியில் எண் எதுவும் கலந்திருக்கக் கூடாது.
- நீட்டிய கட்டத்தின் இரண்டாவது வரிசையைச் சோதித்தேனா? சுங்கை புரோங் மட்டும் போதாது, பெர்மாத்தாங்கையும் பார்.
- என் விடை எந்த மாற்றத்தில் உடையும்? ஒரு வாக்கியத்தில் எழுது.

ஆசிரியர்களே, அடுத்த பயிற்சித் தாளில் அட்டவணைக் கேள்வி வைக்கும்போது ஒரு ரோஸ்பேன் சேர்த்து வையுங்கள். மாணவர் முதல் வரிசைக்குச் சொன்ன விடையைப் பார்த்து உடனே சரி போடாமல், இரண்டாவது வரிசைக்கு என்ன வரும் என்று கேளுங்கள்.